கம்ப்யூட்டரில் வீடு கட்டலாம், வெளிச்சமும் வைக்கலாம்!



கம்ப்யூட்டர் கேம் என்றாலே துப்பாக்கி சுடுவது, கார் ஓட்டுவது என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். வீடு கட்டுகிற கேமும் இருக்கிறது. அதன் பெயர் சிம்ஸ். அதில் குட்டிக் குட்டி மனிதர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், வேலைக்குப் போவார்கள், சண்டையும் போடுவார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய சண்டை இல்லை, அவர்களுக்கு வீடு கட்டித் தருகிற பகுதிதான். என் பெரியம்மா மகன் அண்ணனின் லேப்டாப்பில் லீவு நாளில் விளையாடுவேன்.

இந்த கேம் பிறந்த கதையே ஒரு வீட்டுக் கதைதான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து என்று ஒரு ஊர். 1991 அக்டோபரில் அங்கே மலைப்பகுதியில் பெரிய தீ பிடித்தது. அதில் வில் ரைட் என்பவருடைய வீடும் எரிந்து போனது. வீட்டுச் சாமான்களை மறுபடியும் ஒவ்வொன்றாக வாங்கினபோது, மனுஷனுக்கு எது எது எதுக்குத் தேவைப்படுது என்று யோசித்தார். அந்த யோசனையில் வந்ததுதான் சிம்ஸ். 2000 பிப்ரவரியில் வெளியானது. முதலில் இதை வீடு வடிவமைக்கிற கேமாகத்தான் நினைத்திருந்தார். உள்ளே இருக்கிற மனிதர்கள் வீடு நல்லா இருக்கா இல்லையா என்று மார்க் போடத்தான். கடைசியில் மார்க் போட வந்தவர்களே கதாநாயகர்கள் ஆகிவிட்டார்கள்!

கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் என்ற கட்டடக் கலைஞரும் கூட இருந்தவர்களும் 1977-ல் எழுதிய ஒரு பெரிய புத்தகமும் வில் ரைட்டுக்கு வழி காட்டியது. அதில் மொத்தம் 253 யோசனைகள். 159-வது யோசனையைக் கேளுங்கள். ஒரு அறைக்கு இரண்டு பக்கமிருந்து இயற்கை வெளிச்சம் வர வேண்டும். ஒரே பக்கம் வெளிச்சம் உள்ள அறையில் ஆட்கள் அவ்வளவாக உட்கார மாட்டார்கள் என்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். 2004-ல் வந்த சிம்ஸ் 2-ல் சுவர் உயரம் எப்போதும் ஒன்றேதான். மண்ணை ஏற்றுகிற கருவியை ஒரு தடவை அழுத்தினால் ஒரு கிளிக். அந்தக் கணக்கில் ஒரு சுவர் 16 கிளிக், அஸ்திவாரம் 4 கிளிக். இதைக் கூட்டவோ குறைக்கவோ கேம் விடாது. ஆனா ஒரு சூத்திரம் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே ஒரு பெட்டி திறக்கும். அதில் பூல்ப்ராப் கன்ஸ்ட்ரெயின் ஃப்ளோர் எலிவேஷன் ஃபால்ஸ் என்று அடிக்க வேண்டும். (ஸ்பெல்லிங் என் நோட்டில் இருக்கு, வந்து பார்த்துக்கோங்க.) அப்புறம் சுவர் நிற்கிற இடத்திலும் மண்ணை ஏற்றலாம், இறக்கலாம்.

உயரமான ஹால் வேண்டுமா? முதலில் 4 கிளிக் மேடு போடுங்கள். மேட்டு மேல் சுவர் எழுப்பி, சுவர் மேல் தளம் போடுங்கள். உச்சி 20 கிளிக்கில் இருக்கும். இப்போ சூத்திரத்தை அடித்துவிட்டு மேட்டைச் சமன் செய்தால் மேல் தளம் அங்கேயே நிற்கும், சுவர் கீழே நீண்டுவிடும். திண்ணை மாதிரி குட்டைச் சுவர் வேண்டும் என்றால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். 12 கிளிக் பள்ளம் தோண்டி அதற்குள் சுவர் வைத்துவிட்டு, பள்ளத்தை மூடினால் வெளியே 4 கிளிக்தான் மிஞ்சும். முடிந்ததும் அதே வரியில் ஃபால்ஸ் என்பதற்குப் பதில் ட்ரூ என்று அடித்துவிடுங்கள். இதெல்லாம் செய்யும் முன் வீட்டை ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

பழைய கேமைப் புதிய கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஆட்களின் காலடியில் கறுப்புச் சதுரம் ஒட்டிக்கொண்டே வரும். பார்க்க ஏதோ பேய் மாதிரி இருக்கும். அது நிழல்தான். புதிய கிராபிக்ஸ் கார்டில் அந்த நிழலைச் சரியாக வரைய முடிவதில்லை. ஆப்ஷன்ஸில் போய் நிழலை நிறுத்திவிட்டால் போதும்.

2014-ல் வந்த சிம்ஸ் 4 இன்னும் சுலபம். 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம். இதில் சுவருக்கு மூன்று உயரம் உண்டு. ஆனால் ஒரு மாடி முழுவதற்கும் ஒரே உயரம்தான். ஒரு அறைக்கு மட்டும் மாற்ற முடியாது. தரையை மேடாக்கும் வசதி 2020 நவம்பரில் வந்தது.

வெளிச்சத்துக்கு மூன்று விஷயம் முக்கியம். முதலாவது, நாலு பக்கமும் சுவர் மூடியிருந்தால்தான் கேம் அதை அறை என்று நினைக்கும். ஒரு கட்டம் திறந்திருந்தாலும் அது வெளியிடம்தான். அடுத்தது, விளக்கைத் தொட்டு அதன் நிறத்தையும் அளவையும் மாற்றலாம். மஞ்சள் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ராத்திரி வீடு அழகாக இருக்கும். மூன்றாவது கொஞ்சம் திருட்டு வேலை! பிபி புள்ளி மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன் என்று அடித்துவிட்டு விளக்கை பீரோவுக்குள்ளேயே நுழைத்து வைக்கலாம். விளக்கு தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். இருட்டு மூலைக்கு இது நல்ல மருந்து. 9, 0 என்ற எண்களை அழுத்தினால் பொருள் மேலே கீழே போகும்.

ஆனால் பகல் வெளிச்சத்துக்கு ஜன்னல்தான் வேண்டும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாங்கள் வீடு கட்டப் போகிறோம். அப்பா கொத்தனார். இத்தனை வருஷம் ஊராருக்குக் கட்டினவர் இப்போதுதான் எங்களுக்குக் கட்டப் போகிறார். 360 சதுர அடி. அகலம் 15 அடி, நீளம் 24 அடி. ஒரு கட்டத்துக்கு 3 அடி என்று வைத்து 5-க்கு 8 கட்டத்தில் அதை அப்படியே சிம்ஸ் 4-ல் கட்டினேன். முன்னால் ஹால், பின்னால் சமையலறை, நடுவில் ஒரு அறை. இரண்டு பக்கமும் ஒட்டி அடுத்த வீட்டுச் சுவர். அதனால் நடு அறைக்கு ஜன்னலே கிடையாது. அங்கேதான் நானும் தம்பியும் படிக்கணும்! கேமில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே அந்த அறை மங்கலாகத்தான் இருந்தது.

நடுவில் ஒரு கட்டத்துக்கு மட்டும் கூரையை எடுத்துவிட்டு முற்றம் மாதிரி வைத்தேன். வெளிச்சம் கொட்டியது. அப்பா பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா என்னம்மா பண்றது?" என்றார். கேமில் மழை கிடையாது. 2018-ல் வந்த தனிப் பொதியைக் காசு கொடுத்து வாங்கினால்தான் மழையே வரும்! அதனால் இதற்கு கேமில் பதில் இல்லை.

அடுத்த வழி இது. நடு அறைக்கு மேலே மட்டும் மாடியில் குட்டைச் சுவரில் ஒரு அறை கட்டி, அதன் தரையை நீக்கிவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரே உயரமான அறை ஆகிவிட்டது. ஹால் கூரைக்கு மேலே தெரிகிற பக்கத்தில் ஒரு ஜன்னல், சமையலறைக் கூரைக்கு மேலே தெரிகிற பக்கத்தில் ஒரு ஜன்னல். அடுத்த வீட்டுச் சுவரைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் வெளிச்சம்! அந்த 159-வது யோசனை ஞாபகம் இருக்கா?

சிம்ஸில் அடியில் ஒன்றுமே இல்லாமல் மாடி அந்தரத்தில் நிற்கும். அதனால் அப்பா முதலில் கேட்டது, "இதுக்கு பீம் எங்க?" என்றுதான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிளான் பேப்பரை எடுத்து நடு அறைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார். ரெண்டடி ஏற்றினால் போதும், ஜன்னல் வேண்டாம், வென்டிலேட்டர் வைக்கலாம் என்றார். செங்கல், சிமெண்ட், கூலி எல்லாம் எவ்வளவு கூடும் என்று அம்மா கேட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இப்போது நானும் அப்பாவும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி