சரி பண்ணப் போய்க் கெட்ட ஜாக்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அரசுப் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்கள் கைக்கு லேப்டாப் வந்து சேர்ந்தது. கொல்லிமலையில் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். அண்ணன் படித்து முடித்ததும் தங்கை கைக்கு வரும். அதன் ஹெட்போன் ஜாக் ஆடிப்போனால் என்ன செய்வோம்? காரவல்லி வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, நாமக்கல் போய், இரண்டு நாள் கழித்து மறுபடி போய் வாங்கி வர யாருக்குத் தெம்பு! பக்கத்தில் சோல்டரிங் அயர்ன் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம். திரும்பி வரும்போது ஹெட்போனிலும் சத்தம் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. பாடம் கேட்க வழியில்லாமல் போகிறது.

நண்பர்களே, இந்தக் கட்டத்தில் மறுபடியும் சூடு வைக்காதீர்கள். முதல் கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இரண்டாவது கை வைக்க வேண்டும்.

ஜாக் வெறும் ஓட்டை அல்ல. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் சொருகிய பெரிய பிளக்கின் பேரப்பிள்ளைதான் இந்த 3.5 மி.மீ. பிளக். இடது, வலது, கிரவுண்டு, மைக் என்ற இணைப்புகளோடு, பிளக் உள்ளே வந்துவிட்டதா என்று சொல்லும் ஒரு சின்ன சுவிட்சும் ஜாக்கில் உண்டு. சுவிட்ச் தகவல் கொடுத்ததும் ஆடியோ சிப் ஸ்பீக்கரை ஊமையாக்கும். அதிக சூட்டில் பிளாஸ்டிக் இளகி அந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலோ, ஈயம் வழிந்து பக்கத்துப் பின்னைத் தொட்டாலோ, பிளக் இல்லாமலேயே "இருக்கிறது" என்று லேப்டாப் நம்பிவிடும். ஸ்பீக்கர் போயிடுச்சு என்று புதிதாக வாங்கி மாட்டினாலும் பயன் இல்லை.

முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒடிந்த பிளக் முனை உள்ளே இருந்தாலும் இதே கோளாறுதான். அதில் பசை விட்டு இழுக்க வேண்டாம். பசை காண்டாக்டில் பரவினால் ஜாக்கையே மாற்ற நேரிடும். அடுத்து சாஃப்ட்வேர். சில மாடல்களில் ஆடியோ செட்டிங்கிலேயே ஜாக் கண்டறிதலை நிறுத்தலாம். லினக்ஸ் என்றால் 'ஹெச்டிஏ ஜாக் ரீடாஸ்க்' என்ற கருவியில், ஹெட்போன் பின் இணைக்கப்படவில்லை என்று எழுதிவிட்டால் போதும். ஸ்பீக்கர் பேசிவிட்டால் சிப் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பாதிக் கவலை தீர்ந்தது.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால், பேட்டரி கனெக்டரைக் கழற்றிய பிறகே மல்டிமீட்டரை எடுங்கள். பக்கத்துப் பின்களுக்கு நடுவே 'பீப்' வந்தால் ஈயப் பாலமா என்று லென்ஸில் பாருங்கள். சுவிட்ச் பின் இயல்பாகவே மூடியிருக்கும் ஜாக்கும் உண்டு. பிளக்கைச் சொருகி எடுத்து மாறுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

பெரிய சேதம் பெரும்பாலும் கிரவுண்டு பின்னில்தான். அது அகலமான செம்புத் தளத்தோடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிவிடும். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். கம்பெனி போர்டில் உள்ள ஈயமில்லாப் பற்றுக்கு ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். சின்ன அயர்னை வைத்துக்கொண்டு, உருகுமுன் நெம்பினால் பேடு தோலோடு உரிந்து வரும். முதல் ரிப்பேரில் நடந்தது பெரும்பாலும் இதுதான்! ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் கலந்த பற்றைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால் சுலபமாகக் கழன்றுவிடும். உரிந்த பேடுக்கு, அந்தத் தடம் போய்ச் சேரும் அடுத்த பாகத்திலிருந்து மெல்லிய எனாமல் கம்பியால் ஜம்பர் போடலாம். ஆனால் கம்பி ஜாக்கைத் தாங்காது. ஜாக்கின் உடலைத் தனியே உறுதியாக நிறுத்தாவிட்டால் இரண்டே வாரத்தில் பழைய கதை.

பல மாடல்களில் ஆடியோ, யு.எஸ்.பி. இரண்டும் ஒரு சின்னத் தனி போர்டில் ரிப்பன் கேபிளோடு இருக்கும். அப்படியானால் அந்த போர்டையே மாற்றுவது நல்லது. மதர்போர்டிலேயே ஜாக் இருந்து, இரண்டு மூன்று பேடு போயிருந்தால் என் யோசனை, விட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குள் யு.எஸ்.பி. சவுண்டு கார்டு கிடைக்கிறது. அதற்குத் தனி சிப் உள்ளே இருப்பதால் கெட்ட ஜாக்கைப் பற்றிக் கவலையே இல்லை. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை!

கடையில் கொடுப்பதானால், முன்பே ஒருவர் கை வைத்தது என்பதை மறைக்காமல் சொல்லி, என்ன செய்யப்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அவர் முதலில் தேடப்போவது அந்த இடத்தைத்தான்.