ஆற்றுக்கு இக்கரை ஒரு சட்டம், அக்கரை ஒரு சட்டம்

அமெரிக்காவில் நியூயார்க் நகருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்திற்கும் நடுவே ஹட்சன் ஆறு ஓடுகிறது. இக்கரையில் வேலை பார்க்கும் ஒரு தாயையும் அக்கரையில் வேலை பார்க்கும் ஒரு தாயையும் நினைத்துப் பார்ப்போம். இருவருக்கும் வாரச் சம்பளம் 1,000 டாலர். இருவருக்கும் வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. எட்டு வாரம் வேலைக்குப் போகலாகாது என்கிறார் மருத்துவர். முதல் ஏழு நாட்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நியூ ஜெர்சித் தாய்க்கு வாரந்தோறும் 850 டாலர் உண்டு. நியூயார்க் தாய்க்குச் சட்டம் உறுதி செய்வது 170 டாலர். சற்றுத் தெற்கே, டெலவேர் ஆற்றைக் கடந்து, பென்சில்வேனியாவில் வேலை பார்ப்பவராயின் மாநிலக் காப்பீடு என்று ஒன்றுமேயில்லை. நோய் ஒன்று, சம்பளம் ஒன்று, வீட்டில் பசித்திருக்கும் பிள்ளைகளும் அப்படியே.

இத்தனை வேறுபாடு ஏன்?

அந்நாட்டில், வேலை செய்யும்போது ஏற்படும் காயத்திற்கு நஷ்டஈடு தரத் தனிச் சட்டங்கள் உள்ளன. ஓராண்டுக்குக் குறையாமல் நீடிக்கும் அல்லது உயிருக்கே முடிவு தரும் நோயானால் மத்திய அரசின் சமூகக் காப்பு உதவும். அதற்கும் பொதுவாக ஐந்து முழு மாதங்கள் காத்திருக்க வேண்டும். கால் முறிவு, குடலிறக்கம், பேறுகாலம் போன்று சில வாரங்களோ மாதங்களோ வேலையை நிறுத்தி வைக்கும் நிலைக்கு, நாடு முழுவதற்குமான காப்பீடு கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புவதா, விடுவதா என்பது மாநிலத்தின் விருப்பம்.

முதலில் நிரப்பியது மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட், ஆண்டு 1942. வேலையிழந்தவனுக்கு உதவித்தொகை உண்டு. அவனே நோயுற்றால், "வேலை செய்ய இயலாதவன்" என்று அத்தொகை நிறுத்தப்படும்! இந்த விந்தையை நீக்கவே, வேலையில்லாக் காப்பீட்டுக்காகத் தொழிலாளரிடம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை அம்மாநிலம் நோயாளருக்குத் திருப்பிற்று. இவ்வாறு தொழிலாளர் செலுத்திய பணத்தை நோய்க்காலத்திற்குப் பயன்படுத்த அமெரிக்கக் காங்கிரஸ் சபை 1946-இல் இசைந்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாவும், 1948-இல் நியூ ஜெர்சியும் தத்தம் திட்டங்களை ஏற்படுத்தின. அவ்விதம் திரண்ட நிதி நியூயார்க்கில் இல்லை. ஆகவே 1949-இல், வேலை கொடுப்போரே இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்க வேண்டும் என அது விதித்தது. 1969-இல் ஹவாய் ஏறத்தாழ அவ்வழியே சென்றது. அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வேறெந்த மாநிலமும் முன்வரவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 2020-இலும், மாசசூசெட்ஸில் 2021-இலும், கனெக்டிகட்டில் 2022-இலும், கொலராடோவில் 2024-இலும்தான் புதிய திட்டங்கள் பணம் வழங்கத் தொடங்கின.

தொகையிலும் காலத்திலும் ஒற்றுமையில்லை. நியூ ஜெர்சியில் சம்பளத்தில் நூற்றுக்கு 85 பங்கு, ஓர் உச்சவரம்பிற்குள், 26 வாரம் வரை கிடைக்கும். ஹவாயில் 58 பங்கு. கலிபோர்னியாவில் 2025 முதல் வருவாய்க்கேற்ப 70 முதல் 90 பங்கு வரை. அதுவும் 52 வாரம் வரை. நியூயார்க்கிலோ பாதிச் சம்பளம் என்று பெயர். ஆனால் வாரத்திற்கு 170 டாலருக்கு மேல் இல்லை என்று 1989-இல் இட்ட வரம்பு 2024-லும் நீங்கவில்லை. தொழிலாளியிடம் பிடிப்பதும் வாரத்திற்கு அறுபது சென்டுக்கு மேற்படுவதில்லை என்பது உண்மையே. எனினும், அந்தப் பெருநகரில் 170 டாலரைக் கொண்டு ஒரு குடும்பம் எவ்வாறு ஒரு வாரத்தைக் கழிக்கும் என்று நமக்கு விளங்கவில்லை.

பேறுகாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயல்பான மகப்பேறு நோயன்று என்று கூறிக் கலிபோர்னியா அதனை முன்னர் விலக்கி வைத்திருந்தது. அது அரசியலமைப்புக்கு முரணன்று என்று உச்சநீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. கர்ப்பவதிகளைப் பிற உடல்நலக் குறைவுடையோருக்கு ஒப்பவே வேலை கொடுப்போர் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் சபை சட்டம் செய்தது 1978-இல். இன்று இத்திட்டங்களில் இயல்பான பேற்றுக்குப் பின் ஆறு வாரமும், அறுவைப் பேற்றுக்குப் பின் எட்டு வாரமும் தருவது வழக்கமாகியுள்ளது.

மகனோ மகளோ அங்கு வேலைக்குச் சென்றிருந்தால் பெற்றோர் இதைக் கேட்டு எழுதலாம்: வேலை எந்த மாநிலத்தில்? குடியிருக்கும் வீடு அன்று, வேலை செய்யும் இடமே பொதுவாகக் கணக்கு. நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவருக்கு நியூயார்க் சட்டமே. பணம் வருவது வேறு, வேலை நிலைப்பது வேறு என்பதையும் அறிய வேண்டும். 1993-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 12 வாரம் வேலையைக் காக்கிறது, சம்பளமின்றி. அதுவும் ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டேனும் பணியாற்றியவர்களுக்கே.

நம்மவர் பலர் குடியேறியுள்ள டெக்ஸஸில் மாநிலத் திட்டம் இல்லை. அங்கு கம்பெனி எடுத்துத்தரும் பாலிசியோ, சொந்தமாக வாங்கும் பாலிசியோதான் துணை. சொந்தமாக வாங்குவதைப் பெண்கள் கருவுறுமுன்பே வாங்க வேண்டும். முன்னரே உண்டான கர்ப்பத்திற்குப் பெரும்பாலான கம்பெனிகள் பணம் தருவதில்லை.