நாண் அறுந்த இடத்தில்

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாள் ஒரு காலை விண்ணுக்குத் தூக்கி, மறுகாலில் நிற்கிறார். நாமும் அப்படி ஒற்றைக்காலில் நிற்க எது துணை என்று அறிய, குதிகாலுக்குமேல் விரல் வைத்துப் பாருங்கள். முறுக்கிய கயிறு போலத் தட்டுப்படுவது தசைநாண். தசையை எலும்போடு கட்டுவது அது. எலும்பை எலும்போடு கட்டுவதைத்தான் ‘ஜவ்வு’ என்கிறோம்.

கரும்புக் கொல்லை வரப்பில் கால் புரண்டு நாண் கிழிகிறது என்று வையுங்கள். அங்கே கசியும் ரத்தத்தின் தட்டணுக்கள் சில புரதங்களை வெளிவிடுகின்றன. வளர்ச்சிக் காரணிகள் என்பவை இவையே. ஒன்று, பல வகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களை அழைத்துப் பெருகச் செய்கிறது. இன்னொன்று கொலாஜன் இழையை உருவாக்கத் தூண்டுகிறது. வேறொன்று புது ரத்தக்குழாய்களை வளர்க்கிறது. மனிதத் தசைநாணுக்குள்ளேயே ஸ்டெம் செல்கள் இருப்பதை 2007-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வியப்பு என்னவென்றால், காரணி மாறினால் செல்லின் போக்கும் மாறிவிடும். ‘பிஎம்பி-2’ என்னும் காரணி மிகுந்தால், நாணாக வேண்டிய செல் எலும்பாகத் திரும்பலாம்.

இப்படிப்பட்ட சிக்கல்கள் இருப்பதால், கிழிந்த நாணுக்கான ஸ்டெம் செல் ஊசி இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. 2017-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதலும் ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சையை ஏற்கிறது. நாணுக்கு ஊசி என்று யாராவது பெருந்தொகை கேட்டால், அனுமதி பெற்ற ஆய்வா என்று தயங்காமல் கேளுங்கள்.

கிழிந்த நாணில் முதலில் வருவது மெலிந்த இழை. அது முறுக்கேற ஓராண்டுகூட ஆகும். வலி போய்விட்டது என்று அடுத்த வாரமே கரும்புக்கட்டைத் தலையில் ஏற்றாதீர்கள்.