ஆண்கள் போவதில்லையா, போக முடியவில்லையா?

2025 நவம்பர் 19, அனைத்துலக ஆண்கள் தினத்தன்று, ஆண்களின் உடல்நலத்துக்கென்று இங்கிலாந்து அரசு ஒரு தனித் திட்டத்தை வெளியிட்டது. அங்கே இதுதான் முதல்முறை. அயர்லாந்து 2008-லும் ஆஸ்திரேலியா 2010-லும் இதைச் செய்துவிட்டன. பெண்களுக்கான திட்டம் இங்கிலாந்திலேயே 2022-ல் வந்துவிட்டது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு முணுமுணுப்புகளைக் கேட்கலாம். பெண்களின் வலியையே மருத்துவம் இத்தனை காலம் சரியாகக் கேட்கவில்லை, இதில் ஆண்களுக்குத் தனியாக ஒன்றா என்பது ஒன்று. ஆண்கள் மருத்துவரிடம் போகவே மாட்டார்கள், அரசு என்ன செய்ய முடியும் என்பது மற்றொன்று.

முதலாவதில் உள்ள ஆதங்கம் நியாயமானது; முடிவுதான் தவறு. இங்கிலாந்தில் தற்கொலை செய்துகொள்கிற நால்வரில் மூவர் ஆண்கள். சராசரி ஆயுளில் ஆண்கள் பெண்களைவிட ஏறக்குறைய 4 ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறார்கள். மிக வறிய பகுதியில் வாழும் ஆணோ, மிக வசதியான பகுதியில் வாழும் ஆணைவிடச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைவிட ஆண்களுக்குள்ளேயே உள்ள இடைவெளி பெரிது. பெண்ணுக்குக் கொடுத்ததைப் பிடுங்கி ஆணுக்குக் கொடுப்பதாக இதைப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது முணுமுணுப்பில் பாதி உண்மை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் இலவசச் சேவைக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் ஆண்கள். வீம்பு உண்டு, வெட்கம் உண்டு. ஆனால் காலை எட்டு மணிக்கு ஜிபி சர்ஜரிக்கு, அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்துக்கு, ஃபோன் அடித்து, வரிசையில் காத்திருந்து, நேரம் வாங்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் லாரி ஓட்டுகிறவரும் கட்டட வேலையில் நிற்பவரும் என்ன செய்வார்கள்? லண்டனில் பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் நம் ஆட்கள் அந்நேரம்தான் படுக்கப் போவார்கள். "நல்லாத்தானே இருக்கிறன், ஏன் டாக்டரிட்டப் போவான்?" என்கிற பேச்சுக்குப் பின்னால் இந்தக் களைப்பும் இருக்கிறது. பழியை முழுக்க ஆண்கள் தலையில் போட்டுவிட்டால் நிர்வாகத்துக்கு வேலை மிச்சம்.

திட்டத்தில் நல்ல அம்சங்கள் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கண்காணிப்பில் இருப்பவர்கள் 2027 முதல் வீட்டிலிருந்தே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தற்கொலைத் தடுப்புக்குப் பிரீமியர் லீக் கால்பந்து அமைப்பையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பணத்தைப் பாருங்கள்: சமூக அளவிலான ஆண்கள் நலப் பணிகளுக்கு 30 லட்சம் பவுண்டு, நடுவயது ஆண்களின் தற்கொலைத் தடுப்புக்கு 36 லட்சம். ஒரு நாடு முழுமைக்கும் இது சொற்பம்.

அதைவிட முக்கியமாக, இது சட்டம் அல்ல. இதைக் காட்டி யாரும் எதையும் கேட்டுப் பெற முடியாது. கேட்டுப் பெறக்கூடியவை ஏற்கெனவே இருக்கின்றன. பலருக்கும் அவை தெரியவில்லை.

இங்கிலாந்தில் வசிக்கும் எவரும் ஜிபியிடம் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். விசா நிலையைக் காட்ட வேண்டியதில்லை; அடையாள அட்டை இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பவும் கூடாது. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. மகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சிறுநீர்க் கோளாற்றை விளக்க வேண்டிய சங்கடம் எதற்கு? 2025 அக்டோபர் முதல் வேலைநாள்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை சர்ஜரிகள் இணையவழிக் கோரிக்கைகளை ஏற்க வேண்டும். தொலைபேசியில் தொங்க வேண்டியதில்லை.

40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே இதயநோய், சர்க்கரை போன்றவை இல்லையென்றால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. தெற்காசியர்கள் இதைத் தவறவிடக் கூடாது. சர்க்கரையும் மாரடைப்பும் நம்மைக் குறைந்த எடையிலேயே பிடிக்கும் என்பதால், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே ஆபத்து கூடுவதாக அங்குள்ள மருத்துவ வழிகாட்டுதல் கொள்கிறது. மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. பார்வைக்கு ஒல்லி என்பது சான்றிதழ் அல்ல. 65 வயதாகும் ஆண்டில் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான ஸ்கேன் அழைப்பு ஆண்களுக்கு வரும். குப்பையில் போடாதீர்கள்.

புராஸ்டேட்டுக்கு அப்படி எல்லோருக்குமான அழைப்பு வராது. 50 வயதைக் கடந்த ஆண், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், நன்மை தீமைகளைக் கேட்டறிந்தபின் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். தந்தைக்கோ சகோதரருக்கோ அந்த நோய் இருந்திருந்தால் ஐம்பதுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுவது நல்லது. இந்தப் பரிசோதனையில் குறை உண்டு: அளவு கூடியவர்களில் நால்வரில் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, சரியான அளவு காட்டிய சிலருக்கு இருந்துவிடுகிறது. முந்தைய இரண்டு நாளில் கடுமையாகச் சைக்கிள் ஓட்டியிருந்தாலோ விந்து வெளியேறியிருந்தாலோ அளவு ஏறிக் காட்டலாம். எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிம்மதியாகப் படுக்கவும் வேண்டாம், மருத்துவரோடு பேசுங்கள்.

மன அழுத்தத்துக்கு ஆலோசனை பெற ஜிபியின் கடிதம் தேவையில்லை, நீங்களே பதியலாம். நெருக்கடி என்றால் அரசு மருத்துவ உதவி எண்ணான 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். வெறுமனே யாராவது கேட்டால் போதும் என்றிருந்தால் 116 123-ல் சமாரிட்டன்ஸ் தொண்டு அமைப்பினர் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறார்கள்.

இவற்றில் எதையாவது சர்ஜரி மறுத்தாலோ, உங்களை அலட்சியம் செய்தாலோ 12 மாதத்துக்குள் அந்தச் சர்ஜரியிலோ வட்டாரச் சுகாதார வாரியத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அடுத்த படி சுகாதார ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பாளர்.

சர்ஜரிக்குப் போக நேரமே இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 40 வயதைக் கடந்து, இதுவரை உயர் ரத்த அழுத்தம் இல்லையென்றால், இச்சேவை தரும் மருந்துக்கடைகளில் இலவசமாக அளந்துகொள்ளலாம். இந்த வாரம் கடைத்தெருப் பக்கம் போகும்போது சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருங்கள்.