ஊரார் முன் வாசிக்கப்படும் கணக்கு



யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயத்தைப் பழுதுபார்க்க ஜனங்கள் கொடுத்த பணத்தை ஆசாரியர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். ராஜாவின் 23ஆம் வருஷமாகியும் பழுது நீங்கவில்லை என்று 2 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதன் பின்பு மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி பலிபீடத்தின் அருகே வைக்கப்பட்டது. பணம் சேர்ந்தபோது ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து அதை எண்ணினார்கள். அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தைக் காட்டி, உண்மையாய் வேலை செய்கிறவர்களிடம் கணக்குக் கேட்கத் தேவையில்லை என்று சொல்லுகிறவர்களும் நம் சபைகளில் உண்டு. பணத்தை இரண்டு பேர் எண்ணியதற்குப் பிறகுதான் அந்த வசனம் வருகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

நீங்கள் அனுப்பும் காணிக்கையால் ஒரு கிராமத்தில் கிணறு வெட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குப் புகைப்படம் வருகிறது, அறிக்கை வருகிறது, ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவும் வருகிறது. எல்லாம் கிராமத்திலிருந்து நகரத்துக்கும், நகரத்திலிருந்து கொடுத்தவருக்குமாகப் பயணம் செய்கின்றன. அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பெண் மட்டும் அவற்றில் ஒன்றையும் பார்த்திருக்கமாட்டாள். நூறு மூட்டை சிமெண்டுக்கு ரசீது இருக்கிறதா என்று ஆடிட்டர் சொல்லுவார். நூறு மூட்டை வந்து இறங்கியதா என்று சொல்லக்கூடியவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களே.

இந்த எளிய உண்மையை நம் தேசத்துக்குப் புரியவைத்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். 1990 மே 1ஆம் தேதி, ராஜ்சமந்த் பகுதியிலுள்ள தேவ்டூங்ரி என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. சென்னையில் பிறந்து, 1975ல் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு விலகிய அருணா ராய், அவருடன் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள். அங்கே வறட்சி நிவாரண வேலைகளில் ஜனங்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் வேலை செய்த அளவு குறைவு" என்ற பதில் வந்தது. அப்படியானால் அளந்து எழுதிய புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார்கள். அது அரசாங்கப் பதிவேடு, உங்களுக்குக் காட்ட முடியாது என்று சொல்லப்பட்டது.

எப்படியோ சில பதிவேடுகளின் விவரங்களைப் பெற்று, சங்கத்தார் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். 1994 டிசம்பர் 2ஆம் தேதி பாலி மாவட்டம் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்கள் முன்பாக முதல் பொது விசாரணை நடந்தது. மஸ்டர் ரோலில் இருந்த பெயர்கள் உரக்க வாசிக்கப்பட்டன. இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று வாசிக்கும்போது, பெயருக்குரியவர் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போனதே இல்லை என்பார். இந்தக் கூட்டங்களில் இறந்துபோனவர்களின் பெயர்களும், ஊரைவிட்டே போய்விட்டவர்களின் பெயர்களும் வெளிவந்தன. கட்டி முடிக்கப்பட்டதாகக் காகிதத்தில் இருந்த கட்டடம் கூரையில்லாமல் நின்றது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு, அது முடிந்துவிட்டதாக எழுதப்பட்டிருக்கிறது என்பது அதுவரை தெரியாது!

வந்திருந்தவர்களில் அநேகர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கணக்கு வாசிக்கப்பட்டதால், கேட்கும் காது இருந்த எவரும் தணிக்கை செய்யக்கூடியவரானார். தான் வேலை செய்த நாட்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். மறந்ததைப் பக்கத்தில் வேலை செய்தவர் ஞாபகப்படுத்துவார். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கமாயிற்று. 1996ல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தார்கள். 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் இங்கேதான். அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று கூறியது.

ஆனாலும் கூட்டம் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 608 கிராமங்களில் சாலை போடும் வேலைகளைப் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007ல் வெளியிட்டார். சாலையைத் தோண்டி எடுத்துப் பார்த்து, உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் போடப்பட்டிருக்கின்றன என்று பொறியாளர்கள் கணித்தார்கள். ஊராரைக் கணக்குக் கூட்டத்துக்கு அதிகமாய் அழைத்த இடங்களில் கூலிப் பணம் காணாமற்போவது குறைந்தது. கல், மணல் போன்ற பொருட்களில் நடந்த மோசடி குறையவில்லை. அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று அறிவித்த இடங்களிலோ, காணாமற்போகும் பணம் ஏறக்குறைய 8 சதவிகிதப் புள்ளிகள் குறைந்தது.

இதன் காரணம் எளிதில் விளங்கும். கூலி குறைந்தால் அன்று மாலையே வீட்டில் தெரியும். சாலைக்கு அடியில் எத்தனை அங்குலம் கல் இருக்கிறது என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே வெளித் தணிக்கையும் வேண்டும், ஊரார் கண்ணும் வேண்டும். அதோடு, சரியான ஆளிடம் கேட்கவும் வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை சட்டி மணல் கொட்டப்பட்டது என்று ஊர்ப் பெரியவருக்குத் தெரியாது. அதைத் தலையில் சுமந்து கொட்டிய சித்தாள் பெண்ணுக்குத் தெரியும். கமிட்டி போடும்போது அவளை யார் அழைக்கிறார்கள்? அழைத்தாலும், ரேஷன் கார்டுக்கும் நாளைய வேலைக்கும் யாரை நம்பியிருக்கிறாளோ அவர் முன்பாக அவள் வாய் திறப்பாளா? இந்தப் பயம் வீண் பயமல்ல. வெளியார் சிலர் உடன் இருப்பதும், கூட்டம் முடிந்த பின்பும் அவளைப் போய் விசாரிப்பதும் இதனால்தான் அவசியமாகின்றன.

மிஷன் மருத்துவ ஊழியத்தை அறிந்தவர்களுக்கு ஜாம்கேடு என்ற பெயர் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ரஜனிகாந்த் அரோலேயும் அவருடைய மனைவி டாக்டர் மேபெல் அரோலேயும் 1970ல் மகாராஷ்டிரத்தின் அந்த வறண்ட பகுதியில் வேலை தொடங்கினார்கள். ஆயிரம் குழந்தைகளில் 170க்கும் மேல் முதல் வருஷத்திலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. ஊராரே தெரிந்தெடுத்த பெண்கள் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் அநேகர் பள்ளிக்கூடத்தை அறியாதவர்கள். எந்த வீட்டில் பிரசவம், எந்தக் குழந்தை எடை குறைந்தது, யார் இறந்தது என்ற விவரங்களை ஊராரே திரட்டி, தங்களுக்குள் பேசி, என்ன செய்வது என்று முடிவெடுத்தார்கள். ஆஸ்பத்திரி அலமாரியில் கிடந்திருக்கக்கூடிய எண்கள், சாவடியில் பேசப்படும் விஷயமாயின.

அடுத்த முறை ஒரு கிராமத் திட்டத்தின் அறிக்கை உங்கள் சபைக்கு வரும்போது, தயவுசெய்து இதைக் கேட்டு எழுதுங்கள்: இந்தக் கணக்கு அந்த ஊரில், அவர்கள் பேசும் தமிழில், வாசிக்கப்பட்டதா? போர் எத்தனை அடி, சிமெண்டு எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு என்று வேலை நடக்கும் இடத்திலே பலகை எழுதி வைத்தார்களா? கூட்டத்துக்கு வராதவர்கள் யார், ஏன் வரவில்லை? குறையே இல்லை என்று எழுதும் அறிக்கையைவிட, இன்ன குறையை ஊரார் சுட்டிக்காட்டினார்கள், இன்ன விதமாய்ச் சரிசெய்தோம் என்று எழுதும் அறிக்கையை நான் அதிகம் நம்புகிறேன். இப்படிச் செய்ய ஊழியர்களுக்கு நாட்கள் பிடிக்கும். பந்தல், மைக், பிரதி எடுப்பது, பஸ் செலவு என்று பணமும் ஆகும். இது வேலை முடிந்த பிறகு வரும் செலவாதலால், பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே. உங்கள் கைக்கு வரும் வரவு செலவில் அப்படி ஒரு வரி இருந்தால், அதை வெட்டச் சொல்லாதிருங்கள்.