பத்திரம் நிரந்தரம், சர்வர் நிரந்தரமல்ல
பல கோடி ஆவணக் கோப்புகளைப் புதிய ஸ்டோரேஜுக்கு எப்படி மாற்றுகிறார்கள்?

மேல்மலையனூர் வட்டத்தில், அவலூர்பேட்டை பக்கமோ வளத்தி பக்கமோ ஒருவர் அரை ஏக்கர் நிலம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். பதிவுத் துறை இணையதளத்தில் 1975 முதலான விவரங்களைத் தேடலாம். பட்டா, சிட்டா, எஃப்எம்பி வரைபடம் ஆகியவை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் அலுவலகத்துக்குப் பல நடை நடக்க வேண்டியிருந்தது.

இந்த வசதிக்கு அடிப்படை, எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் அதோடு இணைந்த ஸ்டோரேஜும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி முதல் புத்தகத்தில் ஏறும் சொத்துப் பதிவு நிரந்தர ஆவணம். ஆனால், ஹார்டு டிஸ்க் அடுக்கிய ஸ்டோரேஜ் கருவியைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். பாகங்கள் தேய்கின்றன, பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது, இடமும் போதாமல் போகிறது. அதனால், ஒரு பத்திரம் தன் வாழ்நாளில் பலமுறை குடிபெயர்ந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் அது பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது?

100 டெராபைட் கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் நொடிக்கு 125 மெகாபைட் போகலாம். இடையில் எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 100 டெராபைட் போய்ச் சேர ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். இணைப்பைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. நடைமுறையில் அப்படி முடிவதில்லை. காரணம், கோப்புகளின் எண்ணிக்கை.

ஸ்கேன் செய்த ஆவணக் கிடங்கில் சின்னச் சின்னக் கோப்புகளே அதிகம். ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, மூட வேண்டும். இதற்குக் கோப்பு ஒன்றுக்கு 10 மில்லி நொடி ஆனாலும், 5 கோடிக் கோப்புகளை வரிசையாக நகர்த்த ஏறக்குறைய ஆறு நாள் கூடுதலாகும். ஆகவே, பல கோப்புகளை ஒரே நேரத்தில் இணையாக நகர்த்துகிறார்கள். சில சமயம் ஹார்டு டிஸ்க்குகளையே வண்டியில் ஏற்றி அனுப்புவதும் உண்டு. அமேசான் நிறுவனம் 2016இல் 100 பெட்டாபைட் கொள்ளும் கன்டெய்னர் லாரியையே இதற்காக அறிமுகப்படுத்தியது.

பூஜை நிற்காத திருப்பணி

இத்தனை நாளும் அலுவலகத்தை மூடி வைக்க முடியாது. கோயில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வதை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம். கருவறையில் வேலை நடக்கும், பூஜையும் தடைபடாது. பெரிய சர்வரின் இடமாற்றத்துக்கும் அதுதான் விதி.

முதலில், பழைய ஸ்டோரேஜ் வழக்கம்போல் இயங்கும்போதே முழு நகல் எடுக்கப்படுகிறது. அதற்குள் புதிய பத்திரங்கள் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே, இடைப்பட்ட நாட்களில் மாறியவற்றை மட்டும் இரண்டாம் சுற்றில் எடுப்பார்கள். ஆர்சிங்க், ரோபோகாப்பி போன்ற மென்பொருள்கள் இந்த வேலைக்கே பயன்படுகின்றன. சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறைந்து, கடைசியில் சில மணி நேர வேலைதான் இருக்கும். அப்போது மட்டும் எழுதுவதை நிறுத்தி, இறுதிச் சுற்றை முடித்து, சர்வரின் முகவரியைப் புதிய ஸ்டோரேஜுக்குத் திருப்பிவிடுவார்கள்.

அந்தச் சில மணி நேரத்துக்கான நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுபமுகூர்த்த நாட்களில் பதிவு அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்கும் மாநிலம் தமிழ்நாடு. ஆடிப்பெருக்கன்று பத்திரம் பதியக் கூட்டம் அலைமோதும். காலண்டரைப் பார்க்காமல் நாள் குறித்தால், 'சர்வர் டவுன்' என்ற பதிலோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்ப வேண்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத சரக்கு

கோப்பின் உள்ளடக்கம் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற அனுமதிகளும் கூடவே வர வேண்டும். அவை விடுபட்டால் ஊழியருக்கே கோப்பு திறக்காது. அல்லது பார்க்கக் கூடாதவருக்கும் திறந்துவிடும். கோப்பு உருவான தேதியும் முக்கியம். கவனக்குறைவாக நகலெடுத்தால், இருபது ஆண்டுப் பழைய கோப்புக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை 'க'வோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்த்தும் எழுதலாம்; ஏகாரக் குறி, கால் என்ற இரண்டு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். பெயர்களை ஒரே முறைக்குக் கொண்டுவராமல் நகர்த்தினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பு தேடலில் அகப்படாது. இன்னொரு சிக்கல் பழைய எழுத்துருக்களால் வருவது. தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளுக்குப் பொருத்தமான எழுத்துருவும் கூடவே போகாவிட்டால், எஞ்சுவது படிக்க முடியாத குறிகள்தான்.

சரிபார்ப்பே உயிர்நாடி

நகல் சரியாக வந்ததா என்பதை உறுதிசெய்ய ஹாஷ் எண் உதவுகிறது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கீட்டில் செலுத்தினால் அதற்கே உரிய குறி கிடைக்கும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்தக் குறி மாறிவிடும். பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஹாஷ் ஒத்துப்போனால் நகல் சரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழில் ஹாஷ் எண்ணைக் கேட்கிறது. நீதிமன்றம் நம்பும் அளவுகோலை அலுவலகமும் பின்பற்றுவதுதான் முறை.

இதிலும் பிரதி வைப்பதிலும் அலட்சியம் காட்டினால் என்னவாகும் என்பதற்கு உலகில் சாட்சிகள் இருக்கின்றன. மைஸ்பேஸ் தளம் ஒரு சர்வர் மாற்றத்தில் 2015 வரையிலான பாடல் பதிவுகளை இழந்ததாக 2019இல் ஒப்புக்கொண்டது; போனவை சுமார் 5 கோடிப் பாடல்கள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 2021இல் காவல்துறைக் கோப்புகளை இடம் மாற்றும்போது 22 டெராபைட் அழிந்தது. 14 டெராபைட் மீண்டது, 8 டெராபைட் மீளவில்லை என்று அப்போது அறிவித்தார்கள். ஒரு கொலை வழக்கின் விசாரணையே தள்ளிப்போனது. தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பரில் ஏற்பட்ட தீயில், அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெரிதாக இருப்பதால்தான் அதற்கு இன்னொரு பிரதி கட்டாயம் தேவைப்பட்டது.

மக்கள் கேட்க வேண்டியவை

பதிவுத் துறையில் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததும் மாநிலமெங்கும் பத்திரப்பதிவு இணையவழிக்கு மாறியது. பதிவுகள் எவ்வளவு சேருகின்றனவோ அவ்வளவுக்கு எதிர்கால இடமாற்றங்களும் பெரிதாகும். எந்தத் துறையானாலும் மூன்று விதிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஹாஷ் ஒப்பிடாமல் மாற்றம் முடிந்ததாக அறிவிக்கக் கூடாது. புதியது பல வாரம் பிழையின்றி ஓடும்வரை பழையதை, யாரும் எழுத முடியாதபடி பூட்டி, அப்படியே வைத்திருக்க வேண்டும். வேறொரு ஊரில் மற்றொரு பிரதி இருக்க வேண்டும். அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது மீட்டுப் பார்க்கவும் வேண்டும்.

எத்தனை கோப்புகள் புறப்பட்டன, எத்தனை சேர்ந்தன, எத்தனை ஒத்துப்போகவில்லை என்ற கணக்கை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பொதுவில் வெளியிடுவதும் நியாயம். இதற்கு ஒரு பக்க அறிக்கை போதும். சிறு விவசாயிக்கு அந்த அரை ஏக்கர்தான் வாழ்நாள் சேமிப்பு; அதன் ஆவணம் இடம் மாறும்போது, முழுசாகச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.