மின்னணுத் தராசு: விவசாயிகள் அறிய வேண்டியவை

வாலாஜாபாத் வட்டாரத்தில் பாலாற்றுப் பாசனத்திலும், தென்னேரி போன்ற ஏரிகளின் பாசனத்திலும் சம்பா, நவரை, சொர்ணவாரிப் பட்டங்களில் நெல் பயிரிடப்படுகிறது. நாற்று விட்டது முதல் கதிரடித்தது வரை பட்ட பாடெல்லாம் கடைசியில் தராசில்தான் பணமாகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டையாக நெல் எடை போடப்படுகிறது. மூட்டைக்கு 200 கிராம் தவறினால் 100 மூட்டைக்கு 20 கிலோ, அதாவது அரை மூட்டை நெல் போய்விடும். ஆகவே மின்னணுத் தராசு எப்படி எடை காட்டுகிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

தராசு மேடையின் அடியில் 'லோடு செல்' என்னும் உலோகக் கட்டை உள்ளது. மூட்டையை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழைகள் நீண்டும் சுருங்கியும் மின்தடை மாறுகின்றன. இவ்வகை இழையை 1938-ல் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். பெரும்பாலும் 350 ஓம் உள்ள இந்த இழையில், முழுப் பாரம் ஏற்றினாலும் ஒரு ஓம் கூட மாறுவதில்லை.

நான்கு இழைகளைப் பாலம்போல் இணைத்து 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், 100 கிலோ தராசில் முழுப் பாரத்துக்குக் கிடைப்பது சுமார் 10 மில்லிவோல்ட். 40 கிலோ மூட்டைக்கு 4 மில்லிவோல்ட்தான். கம்பிகளில் சேரும் மின் இரைச்சல் இதைவிட அதிகமாக இருக்கலாம். இங்கேதான் 'இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர்' என்னும் பெருக்கி உதவுகிறது. இரு கம்பிகளிலும் ஒன்றுபோல் வரும் இரைச்சலைத் தள்ளிவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நூறு மடங்குக்கு மேல் பெருக்குகிறது. பிறகு அது எண்ணாக மாறி, நாம் பார்க்கும் எடையாகத் தெரிகிறது.

ஆனால் வேறுபாடாக வரும் பிழையும் சேர்ந்தே பெருகும். இணைப்பில் ஈரம், நைந்த கம்பி, வெயிலின் சூடு ஆகியவை எடையைப் பிசகச் செய்யும். பெருக்கும் அளவே மாறியிருந்தால், காலித் தராசு பூஜ்யம் காட்டும். மூட்டை ஏறியதும் எடை தவறும். எனவே பூஜ்யத்தைப் பார்த்து மட்டும் தராசை நம்பிவிடக் கூடாது.

எடை போடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்:

1. தராசு சமதளத்தில் இருக்க வேண்டும். சுவரோ, பக்கத்து மூட்டையோ மேடையைத் தொடக் கூடாது.

2. தராசை இயக்கிச் சில நிமிடங்கள் விட்டு, பூஜ்யம் நிலையாக நிற்கிறதா என்று பார்க்கவும்.

3. முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்கவும். எங்கும் 20 கிலோவே காட்ட வேண்டும். பிறகு இரண்டு கல் வைத்து 40 கிலோவும் சரிபார்க்கவும்.

4. காலிச் சாக்கின் எடை எவ்வளவு கழிக்கப்படுகிறது என்று கேட்டறியவும்.

5. பெருக்கும் அளவைத் திருத்தும் இடம் முத்திரையால் மூடப்பட்டிருக்கும். அது உடையாமல் இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம்.

சந்தேகம் எழுந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். எடைக்கல்லை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மூட்டைகளை ஏற்றுமுன் அதைச் செய்துவிடுவதே விவேகம்.